ஐந்து நாளுக்கு ஒரு பக்கம்

குஸ்தாவ் ஃப்ளோபெர் ‘மதாம் பொவாரி’ நாவலை எழுதத் தொடங்கியது 1851 செப்டம்பர் 19 அன்று. முடித்தது 1856 ஏப்ரல் இறுதியில். அச்சில் ஏறக்குறைய 400 பக்கம் வரும் ஒரு புத்தகத்துக்கு நாலரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. அந்த நாலரை ஆண்டும் அவருக்கு வேறு வேலை கிடையாது. சம்பாதித்துத் தீர வேண்டிய நெருக்கடி இல்லை. மனைவி, குழந்தைகள் இல்லை. நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரமாவது மேசையில் உட்கார்ந்தார். அப்படியிருந்தும் 1853 ஜனவரியில், போன வாரம் ஒரே ஒரு பக்கத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று என்று கடிதம் எழுதுகிறார்.

எழுத்து ஓடாமல் நின்றுபோனால் எழுத்தாளர் பேனாவை மூடிவிட்டு எங்கேயாவது போய்விடுவார், மனம் வரும்போது திரும்புவார் என்று பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. ஃப்ளோபெர் அப்படிச் செய்யவில்லை. எழுத்து நின்றுபோன நாட்களிலும் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய நாட்களில் பெரும்பாலானவை நின்றுபோன நாட்கள்தாம். ஒரு நாவலாசிரியர் முட்டிக்கொண்டு நிற்கும்போது அன்றாடம் என்ன செய்கிறார் என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கக் கிடைக்கும் வேறு உதாரணம் அரிது. காரணம், அவர் எழுதிய கடிதங்கள். பாரிஸில் இருந்த கவிஞர் லூயிஸ் கொலேவுக்கு, பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி, அன்றைய வேலை முடிந்த கையோடு எழுதியவை. எத்தனை பக்கம் நகர்ந்தது, எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு எரிச்சல் வந்தது என்று எல்லாம் அவற்றில் இருக்கின்றன.

அவர் வாழ்ந்த இடம் குருவாஸே. வடக்கு பிரான்ஸில், நார்மண்டி பகுதியின் பெரிய நகரமான ரூவானுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, சேன் நதிக்கரையில் இருந்த கிராமம். ரூவான் பொது மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவரான அப்பா 1844-ல் அங்கே ஒரு வீடு வாங்கினார். நீளமான வெள்ளை வீடு. முன்னால் தெருவும் நதியும், பின்னால் மரங்கள் அடர்ந்த சரிவு. அதே 1844 ஜனவரியில் ஃப்ளோபெருக்கு வலிப்பு போன்ற ஒரு நரம்புத் தாக்குதல் வந்தது. பாரிஸில் பாதியில் நின்ற சட்டப் படிப்பு அதோடு முடிந்தது. 1846 ஜனவரியில் அப்பா இறந்தார். மார்ச்சில் தங்கை கரோலின், பிரசவத்துக்குப் பிறகு, கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்தார். அம்மா, தாயில்லாத அந்தப் பெண் குழந்தை, ஃப்ளோபெர் என மூன்று பேரும் குருவாஸே வீட்டில் குடியேறினார்கள். குழந்தைக்கும் கரோலின் என்றே பெயர். அப்பா விட்டுப்போன சொத்து மூவருக்கும் போதுமானதாக இருந்தது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஐந்து நாளுக்கு ஒரு பக்கம் என்ற வேகம் யாருக்கும் கட்டுப்படியாகாது. அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

அந்த வீட்டின் நாள் அவருடைய மணிச்சத்தத்தோடு தொடங்கியது. காலை 10 மணிவாக்கில் அவர் விழித்து மணியை இழுக்கும் வரை யாரும் சத்தம் போடக் கூடாது; சமையலறையிலிருந்து மாடிப்படி வரை மெதுவாகத்தான் நடக்க வேண்டும். மணி அடித்ததும் பணியாள் செய்தித்தாள், கடிதங்கள், ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர், புகையிலை நிரப்பிய பைப் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போவார். அடுத்து அம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசிவிட்டுப் போவார். பிறகு வெந்நீர்க் குளியல். முப்பது வயதிலேயே முடி கொட்டத் தொடங்கியிருந்ததால் தலைக்கு ஏதோ தைலமும் உண்டு. 11 மணிக்குக் குடும்பத்தோடு சாப்பாடு. வயிறு நிரம்பினால் வேலை ஓடாது என்பதால் முட்டை, காய்கறி, பாலாடைக்கட்டி அல்லது பழம் என்று அளவாகவே சாப்பிட்டார். அதன் பிறகு தோட்டத்து மேட்டில் கொஞ்சம் நடை.

பகல் 1 மணிக்குக் கரோலினுக்குப் பாடம். சரித்திரமும் பூகோளமும் மாமாவே சொல்லிக்கொடுத்தார். அறைத் தரையில் வெள்ளைக் கரடித் தோல் ஒன்று விரித்திருக்கும். பாடம் பெரும்பாலும் அதன் மேல்தான். வளர்ந்த பிறகு கரோலின் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தப் பாடநேரம் பாசத்தோடு வருகிறது. நாவல் எந்த இடத்தில் முட்டி நின்றாலும் இந்த ஒரு மணி நேரத்தை அவர் தவறவிடவில்லை.

பாடம் முடிந்து கதவைச் சாத்தினால் இரவு 7 மணிச் சாப்பாடு வரை மேசை. சாப்பிட்டபின் அம்மாவோடு பேச்சு. அம்மா 9, 10 மணிக்குப் படுக்கப் போனதும் மறுபடி மேசை. இந்த இரண்டாவது அமர்வு இரவு 2 மணி, 3 மணி வரை நீளும். உண்மையான வேலை இரவில்தான் நடந்தது. ஊரே தூங்கியபின் அந்த ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம் இருந்ததால், சேன் நதியில் இரவில் போன படகுக்காரர்களுக்கு அது கலங்கரை விளக்காகவே பயன்பட்டது என்று ஒரு கதை அந்தப் பக்கத்தில் உலவியது.

மேசை வட்டமானது, பெரியது. மைக்கூடு தவளை வடிவத்தில் இருந்தது. அது இன்றும் பத்திரமாக இருக்கிறது. உலோக முனைப் பேனா எங்கும் பரவிவிட்ட காலத்திலும் அவர் வாத்து இறகைச் சீவித்தான் எழுதினார். எழுதும் முறைக்கு ஒரு படிவரிசை இருந்தது. முதலில் கதைத் திட்டம்: யார், எங்கே, எதற்குப் பின் எது என்று துண்டு வாக்கியங்களில். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் விரிவான குறிப்பு. அதிலிருந்து பெரிய தாளில் முதல் வரைவு. வரிகளுக்கு இடையிலும் ஓரத்திலும் திருத்தங்கள் ஏறி ஏறித் தாளில் இடமே இல்லாமல் போனதும் அதை இன்னொரு தாளில் படியெடுப்பார். பழைய தாளின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு கோடு. அதையும் எறிந்துவிட மாட்டார். பின்பக்கம் வேறொரு வரைவுக்கு ஆகும். புதிய தாளும் அதே கதிக்கு வரும். சில பத்திகள் பத்து முறைக்கு மேல் இப்படிப் படியெடுக்கப்பட்டன. கடிதத்தில் இந்த வாரம் நாலு பக்கம் என்று அவர் எழுதினால், கடைசிச் சல்லடையில் தேறியது அவ்வளவு என்று பொருள். மை செலவானது அதைப்போல் பல மடங்கு.

அவர் எங்கே நின்றார் என்பதைவிட ஏன் நின்றார் என்பது சுவையானது. எழுத ஒன்றும் தோன்றவில்லை என்ற வறட்சி அவருக்கு அனேகமாக வந்ததே இல்லை. அவர் நின்றதற்கெல்லாம் திட்டவட்டமான காரணங்கள் இருந்தன.

கதைப்பொருளே அவருடைய இயல்புக்கு எதிரானது. இதற்கு முன் அவர் எழுதியது ‘புனித அந்தோணியாரின் சோதனை’. பாலைவனம், துறவி, பேய்கள், தெய்வங்கள் என்று உணர்ச்சி கரைபுரண்ட படைப்பு. 1849 செப்டம்பரில் லூயி பூயே, மக்சீம் தியூ கான் என்ற இரண்டு நண்பர்களை உட்கார வைத்து, நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் நாலு நாள் அதைப் படித்துக் காட்டினார். நெருப்பில் போட்டுவிடு, இனி இதைப் பற்றிப் பேசாதே என்பதுபோல் தீர்ப்பு வந்தது. தியூ கானோடு எகிப்து, பாலஸ்தீனம், கிரீஸ் என்று சுற்றிவிட்டு 1851-ல் திரும்பியதும், கைக்கு எட்டிய தூரத்திலிருந்தே கதையை எடுத்தார். ரீ என்ற சிறிய ஊரில் ஒரு கிராமத்து மருத்துவர் இருந்தார். ஃப்ளோபெரின் அப்பாவிடம் படித்தவர். அவருடைய இளம் மனைவி 1848-ல் இறந்தார். அந்தப் பெண்ணின் கள்ள உறவுகளையும் கடன்களையும் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. இந்தக் கதையை எடுத்துக்கொடுத்தவர் பூயேதான் என்று தியூ கான் பிற்பாடு எழுதினார். அவருடைய ஞாபகத்தை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. ஆனால் கதையின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். எப்படியானாலும், பொங்கி எழுதுகிறவர் அற்பமான மனிதர்களின் அற்பமான பேச்சை, தன் குரல் எங்கும் தலைகாட்டாமல் எழுத வேண்டியிருந்தது. தனக்குத் தானே விதித்துக்கொண்ட பத்தியம் அது. பத்தியக்காரரின் முனகல் கடிதம் முழுக்கக் கேட்கிறது.

1852 இலையுதிர்காலத்தில் எழுதிய விடுதிக் காட்சி அப்படி ஒன்று. பொவாரி தம்பதி புது ஊருக்கு வந்து இறங்கி, விடுதியில் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அங்கே மருந்துக்கடைக்காரர் ஓமே விடாமல் பேசுகிறார். நோட்டரி அலுவலகக் குமாஸ்தா லெயோனும் நாவலின் நாயகியான எம்மா பொவாரியும் கடல், மலை, சூரிய அஸ்தமனம் என்று பழகிப்போன வார்த்தைகளில் ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிறார்கள். ஐந்தாறு பேர் பேச வேண்டும். இன்னும் சிலர் பேசப்பட வேண்டும். ஊர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் இரண்டு பேருக்குள் ஈர்ப்பு தொடங்குவதும் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பேசுகிறவர்கள் சொல்வதெல்லாம் தேய்வழக்கு. எழுதும் நடை மட்டும் தேய்ந்திருக்கக் கூடாது. அச்சில் சில நிமிடங்களில் படித்து முடிக்கும் இந்தக் காட்சி மாதக்கணக்கில் இழுத்தது.

இன்னொரு முட்டுக்கட்டை காது. உரைநடை வாக்கியம் செய்யுள் வரியைப் போல ஒரு சொல்லையும் மாற்ற முடியாததாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரே ஓசை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டதா, ஒரே உருபு ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை தொடர்ந்ததா, நாலு வரிக்கு முன் வந்த சொல் திரும்ப வந்துவிட்டதா என்று பார்ப்பார். உவமைகள் தானாக வந்து குவியும் தொல்லையும் இருந்தது. அவற்றைப் பேன் நசுக்குவது போல நசுக்கிக்கொண்டே இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். சோதனை கண்ணால் அல்ல, தொண்டையால். எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் பார்ப்பார். அறையிலும் கத்துவார், தோட்டத்தில் லிண்டன் என்ற நிழல்மரங்கள் வரிசையாக நின்ற பாதையில் நடந்துகொண்டும் கத்துவார். மூச்சு இடறினால் வாக்கியம் தப்பு. தொண்டை கட்டிக்கொண்டு இரவில் படுக்கப் போன நாட்கள் பல. அறையில் ஆள் வேலை செய்வது ஊருக்கே கேட்கும். பக்கம் நகர்ந்ததா என்பது மட்டும் தெரியாது.

மூன்றாவது காரணம் அளவு. 1853 ஜூனில் எண்ணிப் பார்த்தால் 260 பக்கம் ஆகியிருந்தது. ஆனால் கதையில் நடக்க வேண்டியது இன்னும் நடக்கவே இல்லை, எல்லாம் முன்னேற்பாடுதான். சாவும் அடக்கமும் கணவனின் துக்கமும் கடைசியில் 60 பக்கமாவது எடுக்கும். நடுவில் உண்மையான சம்பவங்களுக்குக் கிடைப்பது நூற்றுச் சொச்சம் பக்கம். வீட்டுக்கு முகப்பை மட்டும் பெரிதாகக் கட்டிவிட்டோமோ என்ற பயம். இதற்கு அவர் கண்ட சமாதானம், எம்மாவின் வாழ்க்கையே அப்படிப்பட்டதுதானே, நிகழ்ச்சிகள் குறைவாகவும் எதிர்பார்ப்புகள் நிறையவும் கொண்டதுதானே என்பது. இன்று படிக்கும்போது அந்தச் சமாதானம் சரி என்றே படுகிறது.

நாலாவது, விவரங்கள். தெரியாததை எழுதக் கூடாது. எம்மாவின் சிறுவயதுக் கனவுகளுக்காக 1852 மார்ச்சில் உட்கார்ந்து பழைய குழந்தைப் புத்தகங்களையும், பெண்களுக்கான படப்புத்தகங்களையும் படித்தார். குதிரைக்காரன் ஒருவனின் வளைந்த பாதத்தை எம்மாவின் கணவன் சார்ல் அறுவை செய்து கெடுக்கும் அத்தியாயத்துக்காக மருத்துவ நூல்களில் மூழ்கினார். அப்பாவின் இடத்துக்கு வந்திருந்த அண்ணன் அஷில், மருத்துவம் படித்துப் பாதியில் விட்ட பூயே என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தது. எம்மாவின் கடன் பத்திரங்கள் எப்படிக் கை மாறும், எப்போது ஜப்தி வரும் என்பதற்குச் சட்டம் தெரிந்தவர்களைத் தேடிப் போனார். 1852 மே மாதத்தில் ஒரு மதியம் முழுவதும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் வழியே வயல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாளிகை ஜன்னலின் நிறக்கண்ணாடிகள் வழியே எம்மா தோட்டத்தைப் பார்க்கும் பக்கத்துக்கு அது தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தை எழுதினார், திருத்தினார், நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தார். அச்சான நாவலில் அது இல்லை. எழுதியதை வெட்டுவது அவருக்கு எழுதுவதைப் போலவே அன்றாட வேலை.

வெளியே நடக்கும் எதையும் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் புத்தி இத்தகைய காலத்தில் கூர்மையாகிறது. கொஞ்சம் குரூரமாகவும் ஆகிறது. 1853 ஜூனில் தெரிந்த மருத்துவர் ஒருவரின் மனைவி இறந்தார். அடக்கத்துக்குப் புறப்படும்போதே, அந்தக் கணவரின் துயரத்தில் தன் பொவாரிக்கு ஏதாவது கிடைக்கலாம் என்று கடிதத்தில் எழுதுகிறார். அப்படி நினைப்பது அருவருப்பாகத் தோன்றலாம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த மாதம் ரூவான் பகுதியில் பெரிய ஆலங்கட்டி மழை. தோட்டத்துப் பழமரங்கள் முறிந்தன, பூச்செடிகள் சிதைந்தன, காய்கறிப் பாத்திகள் தலைகீழாயின. மனிதன் ஒழுங்குபடுத்தி வைத்ததை இயற்கை கலைத்துப் போட்டதைப் பார்க்கையில் ஒருவகை மகிழ்ச்சி வந்தது என்கிறார். வாரக்கணக்காக ஒரு பத்தியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆகஸ்டில் அம்மாவோடு துரூவில் கடற்கரைக்குப் போனபோது தங்கிய இடம் ஒரு மருந்துக்கடைக்காரர் வீடு. ஓமேயைப் படைத்துக்கொண்டிருந்தவருக்கு இதைவிட நல்ல விடுதி அமைந்திருக்காது.

எல்லாவற்றையும்விட நீண்ட முடக்கம் விவசாயக் கண்காட்சி அத்தியாயம். 1852 ஜூலையிலேயே பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு கண்காட்சிக்குப் போய், அலுத்துச் சலித்துக் குறிப்பெடுத்து வந்திருந்தார். எழுத உட்கார்ந்தது 1853 ஜூலையில். மீண்டது டிசம்பர் பிறந்தபின். காட்சியின் அமைப்பு இப்படி: கீழே சதுக்கத்தில் ஆடுமாடுகள், விவசாயிகள், மேடை, மேடையில் அரசு அதிகாரி ஒருவர் நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றி முழங்குகிறார். மேலே நகர்மன்றத்தின் மாடியில், ஆளில்லாத அறை ஜன்னலோரம், ரொதோல்ஃப் என்ற பணக்கார இளைஞன் எம்மாவுக்கு வலைவீசிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேச்சும் ஒன்று மாற்றி ஒன்று வருகின்றன. முதலில் நீளமான பத்திகளாக, பிறகு சில வரிகளாக, கடைசியில் ஒரு வரிக்கு ஒரு வரியாக. அவன் காதல் உறுதிமொழி ஒன்றைச் சொல்லி முடிக்கும்போது கீழேயிருந்து எருவுக்கான பரிசு அறிவிப்பு வந்து விழுகிறது. இரண்டும் ஒரே அளவு பொய் என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததோடு சரி.

இன்றைக்குத் திரைப்படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிய உத்தி. 1853-ல் உரைநடையில் இதற்கு முன்மாதிரி அரிது. மாட்டின் கதறல், காதல் முனகல், அதிகாரியின் சொற்பொழிவு மூன்றும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும், ஒரு வாத்திய இசைக் கச்சேரி போல என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. ஆனால் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். ஒரு துண்டை நீட்டினால் மற்றது மறந்துபோகிறது, சுருக்கினால் குழப்பம். அச்சில் 30 பக்கத்துக்குள் அடங்கும் இந்த அத்தியாயம் நாலு மாதத்துக்கு மேல் எடுத்தது இதனால்தான். நடுவில் ஒரு நாள் மட்டும் குதூகலம். ரூவானுக்கு ஓர் அமைச்சர் வந்தார். மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளில் மேயரின் வரவேற்புரையைப் படித்தால், அதில் ஒரு வாக்கியம், முந்தைய நாள் நாவலின் அதிகாரிக்காகத் தான் எழுதிய அதே வாக்கியம், சொல் மாறாமல் இருக்கிறது. அச்சாகாத கேலியை அரசாங்கமே மேடையேற்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூயே வருவார். பள்ளித் தோழர், கவிஞர். ரூவானில் மாணவர்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அந்த வாரம் தேறிய பக்கங்களை ஃப்ளோபெர் படிப்பார், பூயே கேட்பார். தேவையில்லாத காட்சி, பொருந்தாத அடைமொழி, மிதமிஞ்சிய விவரம் என்று ஒவ்வொன்றாகச் சுட்டுவார். ஃப்ளோபெர் சண்டை போடுவார், மறுநாள் பெரும்பாலும் வெட்டிவிடுவார். வாரம் முழுவதும் முட்டி நின்றவருக்கு ஞாயிறு என்ற கெடு மிகவும் உதவியது. 1853 கடைசியில் பூயே பாரிஸுக்குக் குடிபோனபோது வாரத்தின் இந்த அச்சாணி கழன்றது. நாவலைப் பின்னால் அவருக்கே காணிக்கையாக்கினார்.

லூயிஸ் கொலேயின் பங்கு சிக்கலானது. ஃப்ளோபெரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். பிரெஞ்சு அகாதெமியின் கவிதைப் பரிசை நாலு முறை வாங்கியவர். மகளை வைத்துக்கொண்டு எழுதித்தான் குடும்பம் நடத்தினார். இருவரும் 1846-ல் பாரிஸில் ஒரு சிற்பியின் பட்டறையில் சந்தித்தார்கள். குருவாஸே வீட்டுக்கு வர ஃப்ளோபெர் அவரைக் கடைசி வரை அனுமதிக்கவில்லை. பாரிஸுக்கும் ரூவானுக்கும் நடுவழியில் இருந்த மாந்த் என்ற ஊரில், ரயிலில் வந்து இறங்கி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்திப்பார்கள். இந்த அத்தியாயம் முடியட்டும், இந்தக் காட்சி முடியட்டும் என்று அந்தச் சந்திப்புகளும் தள்ளிப்போகும். அதே மனிதர் கொலேயின் கவிதைகளை வரி வரியாகத் திருத்தி அனுப்பவும் நேரம் கண்டுபிடித்தார். அவருடைய ‘நாட்டுப்புறப் பெண்’ என்ற நெடுங்கவிதைக்கு ஃப்ளோபெரும் பூயேயும் உட்கார்ந்து எழுதிய திருத்தங்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. ஜெர்ஸி தீவில் நாடுகடந்து இருந்த விக்தோர் ஹ்யூகோவுக்கும் கொலேவுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்துக்கும், அரசாங்கத் தபால் சோதனைக்குப் பயந்து, குருவாஸே வீடே இடைநிலையமாக இருந்தது. தன் எழுத்து ஓடாத நாளில் பிறர் எழுத்தைத் திருத்துவது எழுத்தாளர்களுக்கு ஒரு நல்ல ஒதுங்கிடம். அங்கே கை தாராளமாக ஓடும்.

1854-ல் இந்த உறவு முறிந்தது. 1855 மார்ச்சில், இனி வீட்டுப் பக்கம் வந்தால் நான் இருக்கப் போவதில்லை என்ற பொருளில் மூன்று வரிக் கடிதம் ஒன்று கொலேவுக்குப் போனது, அதுவே கடைசி. ஃப்ளோபெரின் கடிதங்கள் கொலேயிடம் பத்திரமாக இருந்ததால் இன்று கிடைக்கின்றன. கொலே அவருக்கு எழுதியவை ஒன்றிரண்டைத் தவிர அழிந்துவிட்டன. ஒரு நாவல் உருவான கதையில் கேள்வி கேட்டவர், தட்டிக்கொடுத்தவர், கோபித்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னது மட்டும் நமக்குக் கேட்பதில்லை. இன்னொரு விளைவும் உண்டு. கொலே விலகியபின் நாவலின் கடைசி மூன்றில் ஒரு பகுதி எப்படி எழுதப்பட்டது என்பதற்கு நாள்வாரியான சாட்சியம் குறைந்துபோகிறது. எம்மா ஆர்செனிக் தின்று சாகும் பகுதியைப் பற்றிய புகழ்பெற்ற தகவல்கூட, பத்தாண்டு கழித்து, 1866-ல் விமர்சகர் இப்போலித் தேனுக்கு எழுதிய கடிதத்திலிருந்தே வருகிறது. அதை எழுதும்போது வாயில் விஷத்தின் சுவை வந்து, அடுத்தடுத்து இரண்டு முறை செரிமானம் கெட்டு, சாப்பிட்டதை வாந்தியெடுத்தாராம்.

எல்லா நாளும் முட்டி நின்ற நாட்கள் அல்ல. 1853 டிசம்பர் 23 அன்று மதியம் 2 மணியிலிருந்து எம்மாவும் ரொதோல்ஃபும் காட்டுக்குள் குதிரையில் போகும் காட்சியை எழுதினார். நடுவில் சாப்பிட்ட நேரம் தவிர, இரவு 2 மணி வரை எழுந்திருக்கவில்லை. அன்று தானே காதலனாகவும் காதலியாகவும், குதிரையாகவும், இலையாகவும், காற்றாகவும் ஆகிவிட்டதாக எழுதினார். முழங்காலும் முதுகும் தலையும் வலித்தன. கண்காட்சி அத்தியாயத்தின் மாதக்கணக்கான சிறை முடிந்து சில வாரங்களிலேயே இந்த நாள் வந்தது. அந்த மாதங்களில் பழகிய கைதான் இந்த ஓட்டத்தைத் தாங்கியது என்று தோன்றுகிறது; அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

1856 ஏப்ரலில் முடிந்த பிரதியை மே முழுவதும் மறுபடி வெட்டி, மாத இறுதியில் தியூ கானுக்கு அனுப்பினார். தியூ கான் அப்போது ‘ரெவ்யூ த பாரி’ பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவர். அங்கே இன்னும் வெட்ட வேண்டும் என்றார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நாள் போராடியவரிடம் பக்கம் பக்கமாக எடுக்கச் சொன்னால் என்ன நடக்குமோ அது நடந்தது. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 15 வரை நாவல் தொடராக வந்தது. வண்டிக்குள் நடக்கும் காதல் காட்சியை ஆசிரியர் குழுவே எடுத்துவிட்டது. அப்படியும் அரசாங்கம் ஒழுக்கக்கேடு என்று வழக்குத் தொடுத்தது. 1857 ஜனவரி 29 அன்று விசாரணை. பிப்ரவரி 7 அன்று விடுதலை. ஏப்ரலில் மிஷேல் லெவி என்ற பதிப்பாளர் இரண்டு பாகமாகப் புத்தகம் போட்டார். ஐந்தாண்டு உரிமைக்கு அவர் கொடுத்தது 800 ஃபிராங்க். வழக்கால் புத்தகம் பறந்து விற்றது.

ஃப்ளோபெர் 1880 மே 8 அன்று குருவாஸேயில் இறந்தார். வீடு அடுத்த ஆண்டே விற்கப்பட்டு இடிக்கப்பட்டது, அந்த இடத்தில் சாராய ஆலை வந்தது. நதியைப் பார்த்த சிறிய தோட்டத்து மண்டபம் மட்டும் தப்பி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. தாள்கள் வீட்டைவிட அதிர்ஷ்டசாலிகள். மருமகள் கரோலின் கொடுத்த ‘மதாம் பொவாரி’ கட்டு ரூவான் நகராட்சி நூலகத்தில் இருக்கிறது: திட்டங்கள், காட்சிக் குறிப்புகள், குறுக்குக் கோடு போட்ட வரைவுகள், கடைசிப் படி, படியெடுப்பவரின் படி எல்லாம் சேர்த்து 4,500 பக்கத்துக்கு அருகில். ரூவான் பல்கலைக்கழகம் பல நாட்டுத் தன்னார்வலர்களைக் கொண்டு அவற்றை எழுத்துக்கு எழுத்து படியெடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறது. எந்த வாக்கியம் எந்த வரைவில் பிறந்தது, எதில் தேய்ந்தது, வண்ணக் கண்ணாடிப் பக்கம் எப்போது விழுந்தது என்று இன்று யாரும் வரிசையாகப் பார்க்கலாம்.

வழக்கு முடிந்த அதே 1857-ல், செப்டம்பரில், அடுத்த நாவலான ‘சலாம்போ’வைத் தொடங்கினார். பழங்காலக் கார்த்தேஜ் நகரக் கதை. சில மாதத்தில் மறுபடி முட்டி நின்றது. இந்த முறை ஊரே தெரியவில்லை என்பது காரணம். 1858 ஏப்ரலில் துனீசியாவுக்குக் கப்பல் ஏறினார். ஜூனில் திரும்பி வந்து, அதுவரை எழுதியதைத் தூக்கி எறிந்துவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். அது 1862-ல் முடிந்தது.